கொடுங்கல்லூர், வடபறவூர்க் காயல் பகுதியைச் சுற்றிப் பார்க்கத் தனி வழிகாட்டி வேண்டுமா?

வாய்க்கால்கரை (ஈரோடு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் பெற்றோரையும் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு, கொடுங்கல்லூர் தொடங்கி வடபறவூர், சேந்தமங்கலம் வழியாக வைப்பின் தீவின் வடமுனை வரையுள்ள காயல் பகுதியை நிதானமாகச் சுற்றிப் பார்க்க எண்ணியிருக்கிறேன். (சேந்தமங்கலம் என்றதும் நாமக்கல் பக்கத்து ஊரை நினைத்துக்கொள்ள வேண்டாம், இது எர்ணாகுளம் மாவட்டத்தில் இருப்பது.) கோவையிலிருந்து வாளையார், பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கொடுங்கல்லூருக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான் வருகிறது. 2021இல் குதிரான் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்த ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும் தொல்லையும் குறைந்துவிட்டது. ஆலப்புழைப் படகு வீட்டை எங்கள் வீட்டில் எல்லோரும் முன்பே பார்த்தாகிவிட்டது என்பதால், இம்முறை கரையில் வாழ்கிறவர்களின் வேலையையும் ஊர்களையும் பார்க்க வேண்டும் என்பதே விருப்பம்.

எங்கள் குடும்பத்துக்கென்று உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வதா வேண்டாமா என்பதில்தான் வீட்டுக்குள் வழக்கு. மலையாளம் நமக்குப் பாதிக்கு மேல் புரியும், பழைய சேரர் துறைமுகமான முசிறியின் பெயரில் கேரள அரசு நடத்தும் மரபுத் திட்டத்தின் படகு ஓடுகிறது, கைப்பேசியில் வரைபடம் இருக்கிறது, பிறகு எதற்குத் தனியாக ஓர் ஆள் என்று என் அண்ணன் கேட்கிறார். என் தந்தையாரோ கொடுமணலில் அகழாய்வு நடந்த காலத்தில் நேரில் சென்று குழிகளைப் பார்த்தவர். நொய்யல் கரையில் அறுத்துப் பட்டை தீட்டிய கல்மணிகள் எந்தத் துறையில் கப்பலேறின என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதை விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் போவது வீண் என்கிறார். சென்று வந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆனைமலைத்தூறல் (பொள்ளாச்சி) எழுதியது:

தம்பி, என் பங்குக்கு வேண்டாம் என்றே சொல்வேன். தேங்காய் வியாபாரமாக அப்பக்கம் அடிக்கடி போய்வருகிறவன் என்ற முறையில், தங்கும் விடுதியின் வரவேற்பறையில் சொல்லி வரவழைக்கும் வழிகாட்டிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். முற்பகலில் ஒரு கோட்டையையும் ஒரு கோவிலையும் அவசரமாகக் காட்டிவிட்டு, பிற்பகல் முழுவதையும் நறுமணப் பொருள் கடை, மூலிகை எண்ணெய்க் கடை, துணிக்கடை என்று கழித்துவிடுவார்கள். நாம் வாங்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. ஏலக்காய் வாங்குவதற்கு நாம் போடிநாயக்கனூரை விட்டுவிட்டுக் கொடுங்கல்லூருக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை.

படகு கோட்டப்புறம், பறவூர் போன்ற துறைகளைத் தொட்டுச் செல்கிறது. இறங்குமிடங்களில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, அவற்றில் விளக்கப் பலகைகளும் பணியாளர்களும் இருக்கிறார்கள். திங்கட்கிழமை அவை மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கும் வழிகாட்டி தேவையில்லை. நம் மாநிலத்தில் கள்ளுக்குத் தடை இருப்பதால் கள்ளுக்கடை என்றாலே நமக்கு ஒரு கூச்சம் உண்டு; அங்கே குடும்பத்தோடு தனி அறையில் அமர்ந்து கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு, கள்ளைத் தொடாமலேயே எழுந்து வரலாம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

பஞ்சாலைத்தெரு (கோயம்புத்தூர்) எழுதியது:

நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பொள்ளாச்சி நண்பர் சொல்வது கடைத்தெருவுக்குப் பொருந்தும். உங்கள் தந்தையார் பார்க்க விரும்பும் இடத்துக்குப் பொருந்தாது. வடபறவூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்ற ஊரில் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் அகழாய்வு நடத்தியது. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மதுவும் எண்ணெயும் வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள், பல நிறக் கண்ணாடி மணிகள், செங்கல் கட்டுமானம், படகுத்துறை போன்ற ஓர் அமைப்பு, அதன் அருகே சேற்றில் புதைந்திருந்த ஒரே மரத்தில் குடைந்த தோணி ஆகியவை கிடைத்தன. ஆனால் தோண்டிய குழிகளை முறைப்படி மூடிவிட்டார்கள். இன்று அங்கே போகிறவர் கண்ணுக்குத் தென்படுவது தென்னையும் வாழையும் வீட்டு முற்றங்களும்தான். எந்த முற்றத்துக்குக் கீழே எது கிடைத்தது என்று நின்று காட்ட ஓர் ஆள் இல்லையென்றால், கொடுமணலைப் பார்த்த உங்கள் தந்தையார் அங்கே ஏமாற்றத்தோடுதான் திரும்புவார்.

அவருடைய ஆசைக்கு வலுவான அடிப்படை இருக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால்தான் கரூரும் கொடுமணலும் மேலைக் கடலோடு தொடர்புகொள்ள முடிந்தது. காங்கயம் பக்கத்துப் படியூரில் பெரில் என்ற மணிக்கல் வெட்டி எடுக்கப்பட்டது. கொடுமணலில் மணிகள் செய்யப்பட்டன, இரும்பு உருக்கப்பட்டது. வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாக 19ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்தன. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய துறை முசிறி என்பதை அகநானூறு சொல்கிறது. அதே முசிறியோடு நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தமும், ஹெர்மபொல்லோன் என்ற கப்பல் ஏற்றிச் சென்ற தந்தம், துணி முதலிய சரக்குகளின் மதிப்பும் எழுதப்பட்ட 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று வியன்னாவில் இருக்கிறது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க நான் வைக்கும் சோதனை இதுதான். பட்டணம்தான் முசிறியா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். சந்தேகமே வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறவரை விட்டுவிடுங்கள்; ஆய்வாளர்களில் பலர் அப்படிக் கருதுகிறார்கள், அதை மறுப்பவர்களும் உண்டு என்று சொல்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதேபோல் சேரமான் ஜும்ஆ பள்ளிவாசல் 629இல் கட்டப்பட்டது என்பது அங்கே வழிவழியாக வரும் மரபுச் செய்தி. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இவ்விரண்டையும் ஒரே குரலில் சொல்லாமல் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் நல்ல வழிகாட்டி.

மஞ்சள்மண்டி (கொடுமுடி) எழுதியது:

ஐயா சொல்வது படித்தவர்களுக்கு ஏற்ற சோதனை. நான் என் அம்மாவையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு சென்றபோது எங்களுக்கு அமைந்த வழிகாட்டி, வைப்பின் தீவில் பிறந்து வளர்ந்த ஒரு நடுவயதுப் பெண். கேரள அரசு 2017இல் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலா இயக்கத்தில் இதுபோல் உள்ளூர்க்காரர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். கயிறு திரிப்பவர், ஓலை முடைபவர், வலை பின்னுபவர் என்று அவரவர் தொழிலையே வந்து பார்க்கிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். முசிறியைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அவர் காட்டியது பொக்காளி நிலம். பெரும்பாலோர் காரிலிருந்தபடியே அதை வெறும் தண்ணீர் தேங்கிய வெளியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனி, ஆடி மழை மண்ணிலுள்ள உப்பைக் கழுவிய பிறகு அந்த நிலத்தில் உப்பைத் தாங்கி ஆளுயரம் வளரும் நெல்லை விளைவிக்கிறார்கள். ஐப்பசியை ஒட்டி அறுவடையாகும்போது கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். கார்த்திகை முதல் பங்குனி வரை அதே வயல் இறால் வயலாகிவிடுகிறது. விட்ட தாள் அழுகி இறாலுக்குத் தீனியாகிறது, இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எருவாகிறது. உரமும் பூச்சிமருந்தும் போட்டால் இறால் செத்துவிடும் என்பதால் யாரும் போடுவதில்லை.

விடியலுக்கு வெகுநேரம் முன்பே எங்களை எழுப்பித் தூம்புக்கு அழைத்துச் சென்றார். நம் வாய்க்கால் மதகைப் போன்ற சிறிய மர வாயில்தான் அது. கடல் ஏறும்போது பலகைகளைத் தூக்கிவிட்டால் காயல் தண்ணீரோடு இறால் குஞ்சுகளும் உள்ளே வந்துவிடுகின்றன. இறங்கும் நேரத்தில் வாயிலின் குறுக்கே நீண்ட பைவலையைக் கட்டி, மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டுப் பலகைகளை ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். முதலில் தண்ணீர் கறுப்பாகத்தான் ஓடியது. சிறிது நேரத்தில் விளக்கு வெளிச்சத்தில் சிவந்த புள்ளிகளாக இறாலின் கண்கள் வரிசையாக வரத் தொடங்கின, வலையின் வால்பகுதி கனத்துப் புடைத்தது. வரப்பில் நின்ற என் அம்மா, வழுக்கும் என்று எவ்வளவு சொல்லியும் கேளாமல் வலையருகே போய்விட்டார். இது எந்த நாளில் எந்த நேரத்தில் நடக்கும் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை, எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் இதற்காகத்தான் என்பது என் எண்ணம்.

சித்தூர்ப்புழை (சித்தூர்; தற்போது வடபறவூர்) எழுதியது:

வணக்கம். நான் பாலக்காட்டுச் சித்தூரைச் சேர்ந்த தமிழன். திருமணத்துக்குப் பிறகு வடபறவூரில் குடியிருந்து இங்கேயே வழிகாட்டியாக வேலை செய்கிறேன். இந்த இழையில் என் தொழிலுக்கு ஆள் பிடிக்க வரவில்லை என்பதால் தொடர்பு எண் எதையும் தரப்போவதில்லை.

ஆனைமலைத்தூறல் அண்ணா சொன்ன கடைப் பங்கு உண்மையாகவே இருக்கிறது. அதைத் தவிர்க்க எளிய வழி, ஒப்பந்தம் பேசும்போதே கடை எதற்கும் போகப்போவதில்லை, அதற்கு ஏற்றாற்போல் நாள் கூலியைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிடுவதுதான். குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்கிறவர் மீதியைக் கடையில்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். தலைக்கு இவ்வளவு என்று கேட்கிறவரிடம், குடும்பம் முழுவதற்கும் நாளுக்கு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். படகு வாடகை, நுழைவுக் கட்டணம், சாப்பாடு ஆகியவை கூலிக்குள் அடக்கமா, தனியா என்பதையும் எழுத்தில், குறைந்தது வாட்ஸப்பிலாவது, வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்மண்டி அக்கா சொன்னதற்கு மேல் ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் கரையில் ஒரு நாளில் இருமுறை கடல் ஏறும், இருமுறை இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கு உள்ளேதான் இருக்கும். ஆனால் தட்டையான நிலம் என்பதால் அந்தக் கொஞ்ச வேறுபாடே காயலில் எல்லாவற்றையும் ஆட்டுவிக்கிறது. ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். தூம்பில் வலை கட்டுவதும், சீன வலை இறங்கி ஏறுவதும், கறுத்த மட்டி பொறுக்குகிறவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பதும், சிறு கால்வாய்களுக்குள் வள்ளம் நுழைய முடிவதும் முடியாததும் இந்தக் கணக்கின்படிதான். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் தண்ணீர் வலுவாக ஏறி இறங்கும் என்பதால் வலையில் விழும் இறாலும் அப்போதுதான் அதிகம். ஆகவே விடுமுறைத் தேதிகளை முடிவு செய்வதற்கு முன் பஞ்சாங்கத்தில் திதியைப் பாருங்கள். காலை 9 மணிக்குப் புறப்பட்டு மாலை 5 மணிக்குத் திரும்பும் திட்டத்தை எல்லா நாளுக்கும் ஒரே மாதிரி எழுதி அனுப்புகிற வழிகாட்டிக்குத் தண்ணீரின் நேரம் தெரியாது, அல்லது தெரிந்தும் அக்கறையில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

படகைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். 2023 மே 7ஆம் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதும், பொழுது சாய்ந்த பிறகு ஓட்டியதும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டன. படகின் பக்கத்தில் பதிவு எண்ணும் ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். மிதவை அங்கி உங்கள் ஒவ்வொருவருக்கும், பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில், இருக்கிறதா என்று கரையிலேயே எண்ணிப் பாருங்கள். மூட்டையாகக் கட்டி முகப்பில் போட்டிருந்தால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம். இருட்டிய பிறகு படகு வேண்டாம். அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்கிற ஆள் உங்களுக்கு வழிகாட்ட வேண்டியதில்லை.

தறிச்சத்தம் (சென்னிமலை) எழுதியது:

தம்பி நன்றாகச் சொன்னீர்கள். சேந்தமங்கலத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். எங்கள் குடும்பம் தலைமுறையாகத் தறி ஓட்டியது. இப்போது என் வீட்டில் விசைத்தறிச் சத்தம்தான் கேட்கிறது. அங்கே இன்னும் கைத்தறியில் வேட்டியும் முண்டும் சேலையும் நெய்கிறார்கள். அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. கொச்சி அரசர்களுக்கு வழிவழியாக முதலமைச்சர்களாக இருந்த பாலியம் குடும்பத்தார் தேவாங்கர்களை அழைத்துவந்து குடியமர்த்தியதில் தொடங்கியது இந்த நெசவு என்று சொல்கிறார்கள். நம் கோவைப் பக்கத்திலும் தேவாங்கர் தெருக்கள் உண்டு என்பதால் பேச்சுக் கொடுத்தால் எளிதில் ஒட்டிக்கொள்வார்கள்.

பார்க்க வேண்டியது துணியின் கரைதான். புளிய இலைக் கரை என்று அவர்கள் சொல்லும் மிக மெல்லிய கோடு, துணியின் விளிம்பில் இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்கு ஒடுங்கி ஓடும். தறிக்காரன் கண்ணுக்குத்தான் அதன் அருமை தெரியும். அகலக் கரை என்றால் சிறு பிசகு மறைந்துவிடும், இந்தக் கோட்டில் ஓர் இழை தளர்ந்தாலும் நீளம் முழுவதும் காட்டிக்கொடுத்துவிடும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், ஓணத்துக்காக நெய்து அடுக்கி வைத்திருந்த துணியெல்லாம் சேற்றில் ஊறிப்போனது. தறிக்குழிகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. கறை நீங்காத அந்தத் துணிகளை வெட்டிச் செய்த சேக்குட்டி என்ற சிறு பொம்மைகள் நாடெங்கும் விற்பனையானதை நீங்கள் படித்திருக்கலாம். அதில் வந்த பணம் தறிகளை மீண்டும் ஓட்ட உதவியது.

இங்கே வழிகாட்டி வேண்டுமா என்றால், தறி இருக்கும் வீட்டுக்குள் நம்மை அழைத்துப்போகும் உரிமை உள்ளவர் மட்டும் வேண்டும் என்பேன். எந்த ஊரிலும் தறிக்கூடத்துக்குள் முன்பின் அறியாதவர்கள் நுழைந்து படம் எடுப்பதை யாரும் விரும்புவதில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான். துணியைக் கூட்டுறவுச் சங்கத்தில் நேராக வாங்குங்கள்.

ஆனைமலைத்தூறல் (பொள்ளாச்சி) எழுதியது:

சித்தூர்த் தம்பி கடைப் பங்கை மறைக்காமல் ஒப்புக்கொண்டது மகிழ்ச்சி. தூம்பும் தறியும் தனியாகப் போனால் பார்க்கக் கிடைக்காது என்பதையும் ஏற்கிறேன். ஆனாலும் விடுமுறை முழுவதற்கும் ஆள் அமர்த்துவது தேவையற்ற செலவு என்ற கருத்திலிருந்து நான் மாறவில்லை. கொடுங்கல்லூர் பகவதி கோவிலுக்கு யார் துணை? கண்ணகிக்குக் கொங்கு நாட்டு இளங்கோசர் என்ற குடியினர் விழா எடுத்ததாகச் சிலப்பதிகாரத்தின் முன்னுரைப் பகுதி சொல்கிறது; அந்தக் கண்ணகியே இந்தப் பகவதி என்ற நம்பிக்கையோடு நம் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் தாமாகவே பேருந்தேறிப் போய்வருகிறார்கள். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு வழிகாட்டி வேண்டியதில்லை. பள்ளிப்புறம் கோட்டையும் அப்படித்தான். 1503இல் போர்ச்சுக்கீசியர் கட்டிய அறுகோணக் காவல் கோட்டை என்பதால் பெரிதாக எதிர்பார்த்துப் போவார்கள்; நம் தோட்டத்துக் களம் அளவுக்குத்தான் இருக்கும். சுற்றிவிட்டு முனம்பம் துறைமுகத்துக்குப் போய் மீன் ஏலத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

இன்னொன்று. பிள்ளைகளும் பெரியவர்களும் கூட இருக்கும்போது நாள் முழுவதும் ஒருவர் விளக்கிக்கொண்டே வந்தால் எல்லோருக்கும் அலுப்புத் தட்டிவிடும். ஆகவே தண்ணீரோடும் தொழிலோடும் தொடர்புடைய வேலைகளை ஒரு நாளுக்குள் அடக்கி அன்றைக்கு மட்டும் ஆளை வைத்துக்கொண்டு, மீதியைத் தாமாகவே பார்ப்பதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

பஞ்சாலைத்தெரு (கோயம்புத்தூர்) எழுதியது:

அந்த ஒரு நாளில் சேந்தமங்கலத்துக் கோட்டயில் கோவிலகம் பகுதிக்கும் இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். யூதத் தொழுகைக்கூடம், தேவாலயம், பள்ளிவாசல், கோவில் நான்கும் கூப்பிடு தூரத்தில் இருப்பதைச் சொல்லாத சுற்றுலாக் கையேடு இல்லை. அதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். தொழுகைக்கூடத்தின் முன்னால் நிற்கும் எபிரேய எழுத்துக் கல்லறைக்கல்லைத்தான் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த அது, இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழமையானது என்று கருதப்படுகிறது. அதே ஊரில் பாலியம் அரண்மனைக்கு முன்னால் செல்லும் சாலை, பார்ப்பதற்கு வேறு எந்தச் சாலையையும் போன்றதுதான். அதில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக்கூடாது என்றிருந்த தடையை எதிர்த்து 1947-48இல் பெரும் சத்தியாக்கிரகம் நடந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகும் அந்தத் தெருவில் நடக்க மக்கள் அடி வாங்க வேண்டியிருந்தது. அரண்மனையின் தூண்களையும் மாடிப்படியையும் மட்டும் காட்டிவிட்டு இந்தச் சாலையைப் பற்றி வாய் திறவாத வழிகாட்டி, எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பாதி வேலைதான் செய்கிறார்.

நேரம் இருந்தால் கோதுருத்துக்கும் போகலாம். சவிட்டு நாடகத்துக்குப் பெயர்பெற்ற தீவு அது. கிறித்தவர்கள் மரமேடையை அதிர மிதித்து ஆடும் அந்தக் கூத்தில் ஐரோப்பியப் பேரரசன் சார்லமேனின் கதை பாடப்படுகிறது. பழைய பாட்டுகள் தமிழ் கலந்தவை என்பதால் நம்மவர்களுக்குக் கணிசமாகப் புரியும். ஆட்டம் எப்போதும் நடப்பதில்லை. ஆசான்களை அறிந்த உள்ளூர்க்காரர் இருந்தால் ஒத்திகையையாவது பார்க்க வாய்ப்பு உண்டு.

மஞ்சள்மண்டி (கொடுமுடி) எழுதியது:

ஒரு நாள் போதும் என்கிற அண்ணாவின் கணக்கை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த ஒரு நாள் முதல் நாளாக இருக்கட்டும். வழிகாட்டியோடு தொடங்கினால் மறுநாள் நாமாகச் சுற்றும்போது எந்த வரப்பில் நடக்கலாம், யார் வீட்டுக் கொல்லைப்புறம், எங்கே நின்று பார்த்தால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்பதெல்லாம் தெரிந்திருக்கும். பெண்களாகப் போகிறவர்கள் பெண் வழிகாட்டியைக் கேட்டு வாங்கலாம். கழிப்பறை வசதியிலிருந்து யார் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம் என்பது வரை நாம் கேட்காமலேயே அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

வாய்க்கால்கரை (ஈரோடு) எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இழை முழுவதையும் அண்ணனிடமும் தந்தையாரிடமும் படித்துக் காட்டினேன். முதல் நாளுக்கு மட்டும் ஆளை அமர்த்துவது என்றும், கோவிலையும் கோட்டையையும் நாங்களாகவே பார்ப்பது என்றும் முடிவாகியிருக்கிறது. பட்டணத்துக்கு மட்டும் தந்தையாரோடு வழிகாட்டி தனியாகச் செல்லட்டும், அந்த நேரத்தில் மற்றவர்கள் சேந்தமங்கலத்தில் தறி பார்க்கட்டும் என்று என் மனைவி ஒரு வழி சொன்னாள். கல்மணிக் கதையை அவரைத் தவிர வேறு யாரும் முழுவதுமாகக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. தேதியைப் பஞ்சாங்கம் பார்த்து அமாவாசைக்கு ஒட்டினாற்போல் வைத்திருக்கிறோம்.

சித்தூர் நண்பரிடம் இரண்டு கேள்விகள். தந்தையாருக்கு முழங்கால் வலி உண்டு. உயரமான படியில் இறங்க முடியாது. படகுத்துறைகளில் ஏறி இறங்குவது அவருக்குச் சிரமமாக இருக்குமா? தூம்பு பார்க்க அந்த இருட்டில் பிள்ளைகளை அழைத்து வரலாமா?

சித்தூர்ப்புழை (சித்தூர்; தற்போது வடபறவூர்) எழுதியது:

பிள்ளைகளைத் தாராளமாக அழைத்து வாருங்கள். அது தரைவழியாகப் போய்ப் பார்க்கும் வேலை, படகு தேவையில்லை. வரப்பு குறுகலாகவும் சேறாகவும் இருக்கும் என்பதால் ஆளுக்கொரு கைவிளக்கும், நழுவாத செருப்பும் வேண்டும். தூம்பின் மேற்பலகையில் மட்டும் அவர்களை நிற்க விடாதீர்கள். பலகை உருவும் நேரத்தில் தண்ணீர் இழுக்கும் வேகம் பெரியவர்களையே தடுமாறச் செய்யும். நில உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கும் பொறுப்பு உங்கள் வழிகாட்டியுடையது. அன்று பிடித்ததில் கொஞ்சம் இறாலை விலை கொடுத்து வாங்கிக்கொண்டால் அவர்களுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

ஐயாவின் முழங்காலுக்கும் கடலின் ஏற்ற இறக்கம்தான் கணக்கு. இறக்க நேரத்தில் படகு துறையின் தளத்துக்கு வெகு கீழே தாழ்ந்து நிற்கும். அப்போது அவரைக் கைத்தாங்கலாக இறக்க வேண்டியிருக்கும். ஏற்றம் நிறைந்திருக்கும்போது படகின் விளிம்பு தளத்தை நெருங்கி வந்துவிடும், ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். அமாவாசையை ஒட்டி வருவதால் இந்த வேறுபாடு அந்த நாட்களில் இன்னும் கூடுதலாகவே இருக்கும். ஆகவே புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் அவருக்காக ஏற்றத்தை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நாளில் அமையாவிட்டால் போகும்போது படகிலும் வரும்போது காரிலும் வரலாம். கோட்டப்புறத்துக்கும் பறவூருக்கும் இடையே சாலை வழியாக அதிக தூரம் இல்லை. காரை எந்தத் துறையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் ஓட்டுநரிடம் காலையிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.